கையெழுத்துப் போடும் முன் அந்த மாடிக்கு என்ன அனுமதி என்று பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சிங்கப்பூருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வேலை அனுமதியில், வந்து எட்டு மாதம். மனைவி நன்றாகச் சமைப்பார். லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம், ஒரு கடைவீட்டின் (கீழே கடையும் மேலே மாடியுமாக உள்ள பழைய கட்டடம்) மாடியில் இடம் பார்த்திருக்கிறீர்கள், மெஸ் போட ஆசை. அமெரிக்காவில் உங்கள் அண்ணன் ஊரில் திட்டக் கமிஷன் கூடி, அக்கம்பக்கத்தாரை விசாரித்து, நிலப் பயன்பாட்டு விதியிலிருந்து விலக்குக் கொடுக்கிறதாம். இங்கேயும் அப்படிக் கேட்கலாமா என்கிறீர்கள். கூடவே பிள்ளைக்கு எந்தப் பள்ளி, வாடகை எங்கே மலிவு என்றும். பள்ளியையும் வாடகையையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மாடியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கே அப்படிப் பொதுவில் கூடி விசாரிக்கும் சபை கிடையாது. நகர மறுசீரமைப்பு ஆணையம், நாம் யூஆர்ஏ என்போமே, அதுதான் முடிவு செய்யும். விண்ணப்பம், வரைபடம், பதில் கடிதம், எல்லாமே எழுத்தில். மறுத்துவிட்டால் தேசிய வளர்ச்சி அமைச்சருக்கு மேல்முறையீடு செய்யலாம். நேரில் போய் நிலைமையைச் சொல்லி மனதைக் கரைக்கலாம் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள்.

எந்த நிலம் எதற்கு என்று காட்டும் யூஆர்ஏவின் பெருந்திட்ட வரைபடத்தில் அந்த இடம் வணிகத்துக்குரிய நீலத்தில் இருக்கிறது என்று ஏஜென்ட் காட்டியிருப்பார். எனக்கும் காட்டினார்கள். நிறம் வேறு, அந்தத் தளத்துக்குக் கொடுத்திருக்கும் அனுமதி வேறு. ஒரே கட்டடத்தில் கீழே ‘கடை’, மேலே ‘அலுவலகம்’ என்று பதிந்திருக்கும். கடையை உணவகமாக மாற்றவே தனி அனுமதி வேண்டும். அதோடு லிட்டில் இந்தியா 1989இல், பழைய கட்டடங்களைக் காப்பதற்கான பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம். சுவர், சன்னல், பெயர்ப்பலகை எதையும் நம் இஷ்டத்துக்குத் தொட முடியாது.

நான் 2004இல் புதுக்கோட்டையிலிருந்து வந்தவன். நிரந்தரவாசி ஆன பிறகு, 2011இல், நண்பரும் நானும் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி பிடித்தோம். ‘முன்னாடியும் இங்க சாப்பாட்டுக் கடைதாண்ணே’ என்றார் ஏஜென்ட். நம்மூர்க்காரர், நம் தமிழ், நம்பிவிட்டோம். இரண்டு வருட ஒப்பந்தம், மூன்று மாத முன்பணம். கோயம்புத்தூரிலிருந்து பெரிய கிரைண்டர் ஒன்று கப்பலில் வந்து இறங்கியது.

அடுப்புப் புகைக்குக் குழாய் போட வந்த ஒப்பந்தக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். பெரியவர், சீனர். பின்சந்தில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். தகரக் குழாய் எதுவும் ஏறியிருந்த தடமே அதில் இல்லை. பழைய சுண்ணாம்பும் ஒரு மழைநீர்க் குழாயும்தான். ‘இங்கே யாரும் சமைத்ததில்லை, உன் அனுமதித் தாளைக் காட்டு’ என்றார். அன்று ராத்திரிதான் விசாரித்தோம். மாடிக்கு இருந்தது அலுவலக அனுமதி. உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கிரைண்டர் ஆறு மாதம் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ராத்திரி எழுந்தால் கால் அதில் இடிக்கும்.

அதனால் சொல்கிறேன். ‘முன்பு என்ன நடந்தது’ என்பது பேச்சு. ‘எதற்கு அனுமதி’ என்பதுதான் கணக்கு. அதை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு உரிமையாளரின் சம்மதம் தேவை, ஆகவே ‘உணவக அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும்’ என்ற வரியை ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். அதற்குப் பிறகுதான் குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு, கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் எல்லாம். அவை வேலைதான், ஆனால் வழி தெளிவாக இருக்கும்.

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இப்போது வருகிற நம்மவர்கள் சிலர், ‘என் பேர்ல வேண்டாம், ஒரு நிரந்தரவாசி பேர்ல போட்டுக்கலாம்’, ‘ஆபீசரைக் கவனிச்சுக்கலாம்’ என்கிறார்கள். தம்பி, லஞ்சம் கொடுத்தாலும் வாங்கினாலும் இங்கே 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அடுத்தவர் பெயரில் போட்ட கடை அடுத்தவருடையது. சண்டை வந்தால் உங்கள் பக்கம் ஒரு தாளும் இருக்காது. உங்கள் பாஸ் உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்காகக் கொடுத்தது, தனியாகக் கடை நடத்த அல்ல. மனைவி சார்ந்திருப்போர் பாஸில், அதாவது உங்கள் குடும்பத்தினர் என்ற அனுமதியில், இருந்தால், 2021 மே மாதத்திலிருந்து வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். முதலில் மனிதவள அமைச்சில் அதைத் தெளிவாக்குங்கள். மெஸ் அதற்கு அப்புறம்.

அந்த அடிக்குப் பிறகு நான் வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன், விண்ணப்பக் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். 2014இல் வேறு இடத்தில், உணவகம் என்றே அனுமதி இருந்த கீழ்த்தளத்தில் கடை திறந்தோம். முதல் நாள் மாவு அந்தக் கிரைண்டரில்தான் அரைத்தது. கல்லை இரண்டு தடவை கொத்தியாயிற்று, இன்னும் ஓடுகிறது.

நீங்கள் பார்த்த இடத்தின் தெருவையும் கதவு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். எதற்கு அனுமதி என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை கையெழுத்து என்று எழுதியிருந்தீர்கள், அதை மட்டும் தள்ளிப்போடுங்கள். இன்னொருவர் பணம் கட்டக் காத்திருக்கிறார் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்.