மாத்திரைப் போத்தலைப் பார்த்ததும் அப்பாவைக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. 13 வருடமாக எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறார், இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. பாரிசவாதம் வந்தபின் தனியார் முதியோர் இல்லமொன்றில் சேர்த்தோம். மூன்று கிழமைக்கு முன் மாத்திரைப் போத்தலைப் பார்த்துவிட்டார்கள். இப்போது அவருடைய தேநீர்க் கோப்பையின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. பக்கத்துக் கட்டில்காரருக்கும் விஷயம் தெரியும். சுயவிருப்பில் விலகுவதாக எழுதித் தரச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா காசும் அனுப்புவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தால் நாளைக்கு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'அவர்களாகத்தானே போனார்கள்' என்பார்கள். போகச் சொல்வதென்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும். அதை எழுத அவர்களுக்குக் கை வராது.

இலங்கையில் எச்.ஐ.வி.க்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் அதன்கீழ் பதிவு செய்திருக்கவேண்டும். நிர்வாகிகள் வழக்கைவிட அந்தப் பதிவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள். ஆகவே முதலில் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அப்பா மருந்தெடுக்கும் கிளினிக்கின் வைத்தியரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள்: குளிப்பாட்டுவதாலோ, ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ இது தொற்றாது, வழக்கமான சுகாதார முறைகளே போதும் என்று.

அடிப்படை உரிமை வழக்கு என்று பலர் சொல்வார்கள். எச்.ஐ.வி. வதந்தியால் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட குளியாப்பிட்டிச் சிறுவனின் வழக்கு 2016இல் உயர் நீதிமன்றம் வரை போனது உண்மை. அங்கே எதிரே நின்றது அரச தரப்பு. உங்களுக்கு எதிரே நிற்பது தனியார் இல்லம். அரசியலமைப்பின் உறுப்புரை 126இன்கீழ் அரச, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போகலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். ஆனாலும் அந்த இல்லத்தை உண்மையில் அரசோ மாகாண சபையோ நடத்துகிறதா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நம்பாமல், விசாரணை தொடங்கியதற்கும் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நோயை ஊருக்குச் சொன்னதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். ஆனால் வழக்கு என்றால் அப்பாவின் பெயர் திறந்த மன்றில் வாசிக்கப்படும். அதற்கு அவர் சம்மதிப்பாரா? உங்கள் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், அவரைத் தவிர. மனது தெளிவாக இருந்தால் முடிவு அவருடையது. கை முடங்கியிருந்தால் கைநாட்டு வைக்கலாம்.

அண்ணா விஷயம்: பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று மேலே சொன்ன முதியோர் சட்டம் சொல்கிறது, பராமரிப்புச் சபைக்கு அப்பா விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டளை கிடைத்தாலும் கனடாவிலிருந்து காசு வருவது வேறு கதை. அந்த அலைச்சல் இப்போது வேண்டாம்.

பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். சேர்த்தபோது எழுதிய படிவம், மாதக் கட்டணப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். அப்புறம், அந்தக் கோப்பையைக் கவிழ்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள், கழுவித் துடைக்கும் முன்.