கிராமபோன்காரரின் கப்பல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனியை நிறுவிய எல்ட்ரிட்ஜ் ஜான்சனைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் 'இசையையும் கடலையும் நேசித்த தொழிலதிபர்' என்று ஒரு வரி வருகிறது. அது எனக்கு உறுத்தியது. இசைத்தட்டு விற்றவர் இசையை நேசித்தார் என்பது, நகைக்கடைக்காரர் அழகை நேசித்தார் என்பதுபோல இருக்கிறது. பணம் சேர்ந்தபின் உல்லாசப் படகு வாங்குவது எல்லாச் செல்வந்தர்களும் செய்வதுதானே? செத்துப்போன பணக்காரர்களுக்கு நாம் ஏன் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதம் காரமாக இருக்கிறது, நல்லது. ஆனால் அந்த வரியை நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஜான்சனை அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும் ரசிகராக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். கோபம் அதனால் வந்தது என்று தோன்றுகிறது.

அவர் பட்டறைக்காரர். 1867-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை முடித்தபோது, கல்லூரிக்குப் போகுமளவுக்கு உனக்கு மூளை இல்லை, ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்ன விதம் இதைவிட மோசம். ஃபிலடெல்ஃபியாவில் இயந்திர வேலை பழகி, ஆற்றுக்கு அக்கரையில் கேம்டனில் பட்டறை நடத்திக்கொண்டிருந்தவரிடம்தான் எமில் பெர்லினர் கண்டுபிடித்த கிராமபோன் வந்து சேர்ந்தது. தொண்டைப் புண்ணும் ஜலதோஷமும் பிடித்த, அரைகுறையாகப் படித்த கிளி பேசுவதுபோல இருந்தது என்று பின்னாளில் அவரே அதை வர்ணித்திருக்கிறார். ஆனாலும் அந்த மூச்சிரைக்கும் பெட்டி தன்னை இறுகப் பிடித்துக்கொண்டது என்கிறார்.

அந்தப் பெட்டியைக் கையால் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். கை வேகமெடுத்தால் பாடகர் கீச்சிடுவார். சுருள்வில் மோட்டார் வைத்தாலும் தொல்லை தீராது. முழுதாக முறுக்கிய வில் வேகமாக ஓடும், தளரத் தளர ஓட்டம் குறையும். 1896-ல் ஜான்சன் செய்துகொடுத்த மோட்டார் இதைச் சமாளித்தது. இந்த வகை மோட்டாருக்குள், மெல்லிய எஃகுப் பட்டைகளில் பொருத்திய சிறு குண்டுகள் ஓர் அச்சைச் சுற்றிச் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும். அந்த விரிவு ஒரு தகட்டை இழுத்து, தடைப்பட்டையில் உரசவைக்கும். ஓட்டம் உடனே அடங்கும். வேகம் குறைந்தால் உரசல் விலகும். பாட்டு முடியும்வரை இந்தச் சின்னச் சண்டை உள்ளே நடந்துகொண்டே இருக்கும். வெளியே கேட்பவருக்குச் சுருதி மட்டும் நிற்கும்.

அதோடு அவர் விடவில்லை. பெர்லினர் துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் பதிவுசெய்தார். அரித்த பள்ளம் கரடுமுரடாக இருந்ததால் பாட்டோடு இரைச்சலும் வரும். மெழுகில் பள்ளம் வெட்டும் முறையை ஜான்சன் யாருக்கும் சொல்லாமல் பட்டறையில் சோதித்துக்கொண்டிருந்தார். விக்டர் கம்பெனி பிறந்தது 1901-ல். புகழ்பெற்ற இத்தாலிய ஓபரா பாடகர் கரூசோ அவர்களுக்காகப் பாடத் தொடங்கியது 1904-ல். (ஊதுகுழலுக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாயின் படத்தை அமெரிக்காவில் பிரபலமாக்கியதும் இவர்தான். ஓவியர் ஃபிரான்சிஸ் பேரோ முதலில் வரைந்தது வேறொரு வகைப் பெட்டியை. கிராமபோனை அதன்மேல் பிறகு தீட்டினார்.)

பாடுவது என்ன ராகம் என்று கேட்டால் விழிப்பார்கள், ஆனால் சுருதி இம்மி பிசகினாலும் பொறுக்கமாட்டார்கள். இசையை நேசிப்பவர்களில் அப்படியும் ஓர் இனம் உண்டு. ஜான்சனை நான் அந்த வரிசையில் வைக்கிறேன். வெறும் வியாபாரியாக இருந்திருந்தால், அந்த இரைச்சலையே விளம்பரம் செய்து விற்றிருப்பார்.

கடல் விஷயத்தில் உங்கள் கட்சி பலமானதுதான். அவர் பாய்மரக் கயிறு பிடித்த மாலுமி அல்ல. 1931-ல் மெய்ன் மாநிலத்தில் கட்டி முடிக்கப்பட்ட அவருடைய 'கரோலின்' 279 அடி நீள மோட்டார் கப்பல். நாட்டில் ரொட்டிக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. இதைப் பாராட்ட எனக்கும் மனமில்லை. ஆனால் அதற்கு முந்தைய கதையையும் பார்க்க வேண்டும். 1920களில் மனச்சோர்வு அவரை முடக்கிப்போட்டது. அதே சமயம் ரேடியோ வந்து இசைத்தட்டு விற்பனையைச் சாய்த்தது. கம்பெனியை வங்கியாளர்களிடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். கடல் அவருக்கு ஒதுங்கிய இடம்.

அங்கேயும் பட்டறைப் புத்தி போகவில்லை. 1933-ல் அந்தக் கப்பலை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். பால் பார்ட்ஷ் தலைமையில் அவர்கள் போர்ட்டோ ரிக்கோ ஆழ்கடல் பள்ளத்துக்குப் போனார்கள். அட்லாண்டிக்கின் மிக ஆழமான இடம் அது, 8,000 மீட்டருக்கும் மேல்.

அவர் செய்ததில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் தன் கையால் எழுதிப் படமும் வரைந்து ஒரு சிறுமிக்குக் கொடுத்த ஆலிஸ் கதையின் மூலப்பிரதியை 1928-ல் வாங்கினார். வாங்கியதை எஃகுப் பெட்டியில் வைத்துக் கப்பலிலும் கொண்டுபோனாராம். உலகத்தில் ஒரே ஒரு பிரதி! எந்த நூலகருக்கும் நெஞ்சு பதறும். நல்லவேளை, கடல் அதைக் கொள்ளவில்லை. 1945-ல் அவர் இறந்தபின் ஏலத்துக்கு வந்த அதை, அமெரிக்கர்கள் சிலர் பணம் திரட்டி வாங்கி, 1948-ல் பிரிட்டனுக்கே பரிசாகக் கொடுத்தார்கள்.

கரோலின் கைமாறி, இரண்டாம் உலகப் போரில் 'ஹிலோ' என்ற பெயரில் டார்பிடோ படகுகளுக்குத் துணைக்கப்பலாகப் பசிபிக்கில் உழைத்தது.

டெலவேரின் தலைநகர் டோவரில் ஜான்சன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போக வாய்த்தால், ஒரு பெட்டியின் மோட்டாரை மட்டும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கப்பலைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.