அந்த அம்மாவுக்குத் தெரியுமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. விருதம்பட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வாடகை வருமானத்துக்காக ஒரு சின்ன வீடு வாங்கிப் போடலாம் என்று தேடியதில், வேலூர் சைதாப்பேட்டையில் 450 சதுர அடியில் ஒரு பழைய வீடு அமைந்திருக்கிறது. அந்தத் தெருவில் 24 லட்சம் போகும். இதை 18-க்குத் தருகிறார்கள். இறந்துபோன அப்பாவின் வீடு. மகன்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பின்கட்டில் அவர்களுடைய அம்மா இருக்கிறார். நாங்கள் போனபோது வாடகைக்கு வந்தவர்கள் என்று நினைத்து, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்றெல்லாம் சொன்னார். பத்திரம் முடிந்ததும் பெரிய மகன் அவரை அழைத்துக்கொள்வாராம். பேங்க் லோன் என்றால் தாமதமாகும் என்று புரோக்கர் சொல்கிறார். அதனால் சேமிப்போடு மனைவியின் நகையையும் அடகு வைத்துப் பணம் புரட்டுகிறேன். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மூன்று ரூமாகத் தடுத்து சி.எம்.சி.க்கு வருகிற நோயாளிகளுக்கு விட்டால் நல்ல வருமானம் வருமா? முதல்முறை வீடு வாங்குபவன் என்னென்ன கவனிக்க வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர்

பதில்: வாடகைக் கணக்குக்குப் பிறகு வருகிறேன், தம்பி. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அந்த அம்மா உங்களை வாடகைக்கு வந்தவர் என்று நினைத்திருக்கிறார். கூட்டிப்போய் ஜன்னலைக் காட்டியிருக்கிறார். தான் இருக்கிற வீட்டுக்கு விலை பேசுகிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. மகன்களுக்குத் தெரியும், புரோக்கருக்குத் தெரியும், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்ற உங்களுக்கும் தெரியும். "இல்லைங்கம்மா, நாங்க வாங்க வந்திருக்கோம்" என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும் என்று உங்கள் மனசுக்குப் பட்டிருக்கிறது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வந்தீர்கள்.

மலிவு வீடு என்று எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ஆள் மட்டும் மாறும். ஒன்றில் கட்டிக்கொடுத்த தங்கை, ஒன்றில் விதவை அண்ணி, உங்கள் கடிதத்தில் பெற்ற தாய்.

அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சரிசமமான பங்கு என்கிறது 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். மற்ற மதத்தினர் என்றால் பங்கின் அளவு மாறும். மனைவிக்குப் பங்கு உண்டு என்பது மாறாது. மகள் யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு அந்த அம்மாவுடையது. 24 லட்சத்தில் 8 லட்சம். உங்களுக்குக் குறைத்துத் தருகிற 6 லட்சம் யார் மடியிலிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? மகள் இருக்கிறாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

வில்லங்கம் சுத்தம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். ஒருவர் இறந்ததும் அவருடைய வாரிசுகளுக்குப் போன உரிமை அதில் ஏறாது. அதற்குத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், மூலப்பத்திரம், பட்டா யார் பெயரில், வீட்டு வரி யார் பெயரில், ஈ.பி. கார்டு யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேங்க் லோன் தாமதமாகும் என்று புரோக்கர் சொன்னதற்கும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். லோன் போட்டால் பேங்க்கின் வக்கீல் கேட்கிற முதல் காகிதமே வாரிசுச் சான்றிதழ்.

இரண்டு மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு வருவது அவர்கள் இரண்டு பேருடைய பங்கு மட்டும்தான். பதிவு அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டால் வீடு முழுசும் நம்முடையது என்று நினைக்காதீர்கள். பாகம் பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், வீட்டுக்குள் வந்து மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்க அவருக்கு உரிமை கிடையாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பாக வழக்குப் போட்டுவிட்டு வருஷக்கணக்காக சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். அந்தக் காலம் முழுக்க அடகுக் கடைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

"அம்மா ஏற்கெனவே எங்களுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று மகன்கள் ஒரு காகிதத்தை நீட்டலாம். அதற்கும் பதில் இருக்கிறது. கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டால், அதை ரத்து செய்யக் கேட்கிற உரிமையை 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தால் போதும். ஒரு சொத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை முதியவருக்கு இருக்கிறது என்று தெரிந்தே அதை வாங்கியவர் மீதும் அந்த உரிமை பாயும் என்று 23-வது பிரிவு சொல்கிறது. தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. உங்களால் தெரியாது என்று சொல்ல முடியுமா? அவர் கையைக் காட்டிய ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தவர் நீங்கள்.

சட்டத்தை விடுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் இப்படி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பெற்றவளை வைத்துப் பார்ப்பது பிள்ளைகள் கடமை. அதற்கு அவள் இருக்கும் வீட்டை அவளுக்குத் தெரியாமல் விற்கத் தேவையில்லை. அழைத்துக்கொள்ளப் போகிற பெரிய மகன், அப்பா போனதிலிருந்து அவரைப் பின்கட்டில் தனியாக விட்டுவைத்திருப்பது ஏன்? அந்த வீட்டிலிருந்து மாதாமாதம் வருகிற வாடகையில் உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப்போகிறீர்கள். அந்தப் பணம் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம்.

நகை விஷயத்துக்கு வருவோம். அடகு வைக்கச் சொல்லி மனைவியிடம் கேட்டபோது, வாங்கப் போகிற வீட்டில் ஒரு வயசான அம்மா இருக்கிறார், அவருக்கு விஷயம் தெரியாது என்று சொன்னீர்களா? "நாங்கள் போனபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் கூட வந்தவரென்றால் அன்று திரும்பி வரும்போது என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லாமல் வந்திருந்தால் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நகை அவருடையது. முழு விஷயத்தையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இனி வாடகை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 18 லட்சத்துக்கு 1,62,000 ரூபாய். உங்கள் கணக்கில் இது இல்லை. பழைய வீட்டை மூன்றாகத் தடுக்கிற செலவும் இல்லை. மேலே சிமெண்ட் ஷீட் போட்டு ரூம் இறக்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வேலூர் மே மாத வெயிலில் ஆபரேஷன் முடிந்து வந்தவரை அதற்குள் படுக்கவைப்பது பாவம். நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அது லாட்ஜ் கணக்கில் போகும். மாநகராட்சி உரிமம் வேண்டும், ஈ.பி. கட்டணம் மாறும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 2020 ஊரடங்கில் தோட்டப்பாளையம் லாட்ஜுகள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியால் பங்களாதேஷ் நோயாளிகள் வரத்தும் குறைந்தது. கடன் வாங்கி முதல் வீடு வாங்குகிறவர் அந்தக் கூட்டத்தை நம்பி இறங்கக் கூடாது. மாத வாடகைக்கு ஒரு குடும்பத்தை வையுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கேட்பதும் அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் இல்லாமல், மனைவியை அழைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். வீட்டை விற்கப் பேசுகிறார்கள், வாங்க வந்தது நான்தான் என்று சொல்லுங்கள். விற்க அவருக்கும் சம்மதம் என்றால் அவர் பங்குக்கான பணம் அவர் பெயரில் டி.டி.யாகப் போகட்டும், பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போடட்டும், மகள் இருந்தால் அவரும் போடட்டும். பின்கட்டிலேயே இருக்க ஆசைப்பட்டால், அவர் காலம் உள்ளவரை வாடகையில்லாமல் இருக்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டு முன்கட்டை மட்டும் வாடகைக்கு விடுங்கள். வருமானம் குறையும். அந்த விலைக்கு அதுதான் நியாயம்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் அந்த வீடு விற்பனைக்கு இல்லை. அன்றைக்கே போய் 50,000-ஐத் திருப்பிக் கேளுங்கள்.