மூன்று இயங்குதளம், ஒரே ஸ்கிரிப்ட்: கேள்வி பதில்

மென்பொருளைக் கட்டும் (பில்ட்), சோதிக்கும் (டெஸ்ட்) கட்டளைக் கோப்புகளான ஸ்கிரிப்டுகளின் சிக்கல்கள் பற்றி நம் குமரி மாவட்டத்து நண்பர்கள் கேட்டவை, அவரவர் ஊர்ப் பெயரோடு.

மார்த்தாண்டம்: அண்ணே, விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே?

இல்லாதது உங்கள் கோப்பு அல்ல. விண்டோஸ் வரி முடிவில் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான். முதல் வரியில் இருக்கும், ஸ்கிரிப்டை ஓட்டும் புரோகிராமான பாஷின் பெயரோடு அந்த உபரிக் குறியும் ஒட்டிக்கொள்ள, அந்தப் பெயரில் ஒரு புரோகிராமை லினக்ஸ் தேடுகிறது. கோப்பு மாற்றங்களைக் காக்கும் கிட் கருவிக்கு விதி சொல்லும் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு 'இஓஎல்=எல்எஃப்' (வரி முடிவு லினக்ஸ் முறையில்) என்று போடுங்கள். புராஜெக்ட் தொடங்கும் அன்றே போட வேண்டியது இது.

குளச்சல்: லினக்ஸில் ஓடும் பாஷ் ஸ்கிரிப்ட் மேக்கில் அசோசியேட்டிவ் அர்ரே (பெயர் சொல்லி மதிப்பை எடுக்கும் பட்டியல்) வரியில் நின்றுவிடுகிறது.

மேக்கோடு வருவது பாஷ் 3.2. அந்த வசதி 4-இல்தான் வந்தது.

தோவாளை: பூ விலை ஆப் செய்கிறேன். டெஸ்டுக்கு 'தோவாளை' என்ற பெயரில் ஒரு கோப்பு. மேக்கில் பாஸ், லினக்ஸில் கோப்பு கிடைக்கவில்லை.

நல்ல கேள்வி, மக்கா. 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பைட்டைப் பார்க்கும், அதற்கு அவை வேறு வேறு கோப்புகள். ஒப்பிடும் முன் இரு பெயரையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றுங்கள். பெயரை ஆங்கிலமாக்கித் தப்பிக்காதீர்கள். பூக்கடைக்காரர் தமிழில்தானே பெயர் வைப்பார்? இரு வடிவத்துக்கும் டெஸ்ட் எழுதுங்கள்.

ஆரல்வாய்மொழி: எனக்கும் அந்த 'கோப்பே இல்லை' பிழைதான்.

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். கிட்அட்ரிபியூட்ஸ்!

தக்கலை: எல்லாவற்றையும் டாக்கருக்குள் (புரோகிராமை அதற்கான சூழலோடு கண்டெய்னர் என்ற பெட்டியில் ஓட்டும் கருவி) ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே?

ஒத்துக்கொள்ள மாட்டேன். லினக்ஸ் கண்டெய்னரில் லினக்ஸ் மட்டும்தான் சோதிக்கப்படுகிறது. உங்கள் டெஸ்ட் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அழிக்கிறது என்று வையுங்கள். லினக்ஸ் விட்டுவிடும், விண்டோஸ் பெரும்பாலும் மறுத்துவிடும்.

தக்கலை: சரி, விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போடச் சொல்லலாமே?

அதுவும் லினக்ஸ்தான், தம்பி. ரப்பர் கடையில் பில் போடுகிறவரிடம் போய் அதை நிறுவச் சொல்வீர்களா? பில்டுக்கு டாக்கர் வைத்துக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை. டெஸ்டை மட்டும், தானாகவே ஓட்டிக் காட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்டுங்கள்.

கருங்கல்: கிட்அட்ரிபியூட்ஸ் போட்டும் பழைய ஸ்கிரிப்ட் மாறவில்லை.

பழைய கோப்புகளுக்கும் அந்த விதி பொருந்த 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' ஓட்டி, கமிட் செய்யுங்கள்.