உணர்ச்சியும் பயிற்சியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. மார்த்தாண்டம் பக்கம் வீடு, நாகர்கோவிலில் நர்ஸ் வேலை. சின்ன வயதிலிருந்தே கோபமோ அழுகையோ வந்தால் என் கையில் இல்லை. போன மாதம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போகிற பேச்சு. சித்தி, "இவளைக் கூட்டிட்டுப் போனா அங்கயும் ரகளைதான்" என்றார். போனைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டேன். அப்புறம் நாலு நாள் அறையை விட்டு வரவில்லை. அம்மா, "கொஞ்சம் அடக்கமா இரு பிள்ளே" என்பதோடு சரி. கவுன்சலர் டிபிடி சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். உணர்ச்சியைக் கையாள வகுப்பு மாதிரி சொல்லித் தருவார்களாம். கோபத்தை மறைத்துச் சிரிக்கப் பழகுவது நடிப்பில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தயங்காமல் போங்கள்.

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்பதன் சுருக்கம்தான் டிபிடி. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்களுக்காகத் தொடங்கியது, பிறகு பலருக்கும் விரிந்தது. அவரே 17 வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர். 2011இல்தான் அதை வெளியே சொன்னார்.

சிலருக்கு இயல்பிலேயே உணர்ச்சி சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும் என்கிறார் அவர். அப்படிப்பட்ட பிள்ளையிடம் வீடு "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அதை என்ன செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. இதில் உங்கள் குணக்கேடு எதுவும் இல்லை. கற்றுக்கொள்ள வாய்க்காத ஒன்றை இப்போது கற்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சித்தியின் பேச்சைவிட அந்த நைட் ஷிப்ட்தான். டிபிடியில் ஒரு சம்பவத்தைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். தூங்கினீர்களா? காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனதில் என்ன ஓடியது? உடம்பில் எங்கே சூடு ஏறியது? போன் எப்போது கைக்கு வந்தது? ஒவ்வொரு கண்ணியிலும் அறுத்துவிட ஓர் இடம் உண்டு. தூக்கமும் சாப்பாடும் அதில் முதல் பாடங்கள்.

கடைசிக் கண்ணிக்கும் வழி இருக்கிறது. ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்து, கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை அரை நிமிடம் வரை அமிழ்த்த வேண்டும். தண்ணீருக்குள் முங்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கிற அனிச்சை ஒன்று நம் உடம்பில் இருக்கிறது, அது வேலை செய்யும். நர்ஸான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மற்ற வாசகர்களுக்காக: இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இனி நடிப்பு விஷயம். கோபம் நடந்ததற்குப் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். சித்தி சொன்னது அவமானம்தான், உங்கள் கோபம் நியாயம். அதைச் சிரித்து மறைக்கச் சொல்ல மாட்டார்கள். "சித்தி, அப்படிச் சொன்னது வலிச்சுது, இனி சொல்லாதீங்க" என்று குரல் உயராமல் சொல்லப் பழக்குவார்கள். ஆனால் அந்த நாலு நாள் வேறு. வெட்கம் கதவைச் சாத்தச் சொல்கிறது. அதற்கு நேர் எதிராக, அடுக்களைக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து ஒரு சாயா குடிப்பதைத்தான் டிபிடியில் எதிர்ச்செயல் என்பார்கள். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் வெட்கமே இறங்கும்.

முழுச் சிகிச்சை என்றால் வாரம் ஒருமுறை தனியாக, ஒருமுறை குழுவாக, ஏறக்குறைய ஒரு வருடம். பொறுமை வேண்டும். மனம் அமைதியாக இருக்கிற நாளில் பழகியதுதான் கொதிக்கிற நாளில் கைகொடுக்கும். கடல் கொந்தளிக்கும்போது யாரும் நீச்சல் படிப்பதில்லை, குளத்தில்தான் படிக்கிறோம். பக்கத்தில் குழு இல்லையென்றால் வீடியோ வழியாகச் சேர முடியுமா என்று கவுன்சலரிடம் கேளுங்கள். மருந்தும் தேவையா என்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். எப்போதாவது சாக வேண்டும் என்று தோன்றினால் வகுப்புவரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, உடனே கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அம்மா, "அடக்கமா இரு" என்பதற்கு முன்னால் "உனக்கு வலிச்சிருக்கும் பிள்ளே" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். போனை உடைத்தது சரி என்று அதற்கு அர்த்தம் ஆகாது.