யாழ்ப்பாணத்தில் எங்கே குடியிருப்பது? கேள்வி பதில்

நாற்பது ஆண்டுகள் இந்தக் குடாநாட்டின் காணிகளை அளந்து ஓய்வுபெற்ற நில அளவையாளன் நான். வெளியூரிலிருந்து இங்கே குடிவரவிருக்கும் இளம் தம்பதியினரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி கேட்டார்கள். நிலம், கிணறு, வெள்ளம், காணி உறுதி (பத்திரம்) ஆகியவை பற்றி எனக்குத் தெரியும். ஏனையவற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

கேள்வி (மட்டக்களப்பு): எங்களுக்குத் திருமணமாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. எனக்கு யாழ் நகரிலுள்ள வங்கிக் கிளை ஒன்றுக்கு இடமாற்றம். மனைவிக்குத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் வேலை, சில நாட்களில் இரவு ஏழு மணியாகிவிடும். இருப்பது ஒரேயொரு மோட்டார் சைக்கிள். எந்தப் பக்கம் வீடு தேடலாம்?

பதில்: ஒரே வாகனம் என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே பாதி முடிவு வந்துவிட்டது. இருவரில் யார் பிந்தி வீடு திரும்புகிறாரோ அவர் நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு இருக்கவேண்டும். மற்றவர் பேருந்தில் போய்வரலாம். பலாலி வீதி நகரிலிருந்து கந்தர்மடம் ஊடாகத் திருநெல்வேலிக்குச் செல்வதால், உங்களுக்குப் பேருந்து ஒரு பிரச்சினையே அல்ல. ஆகவே கந்தர்மடத்தின் வடபகுதி, திருநெல்வேலி, கொக்குவில் கிழக்கு ஆகிய மூன்றுக்குள் தேடுங்கள். அங்கே மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்குக் கொடுப்பதையே பலர் விரும்புவதால், தம்பதியினருக்கு முழு வீடு கிடைக்கச் சற்றுக் காலமெடுக்கும். அவசரப்பட்டு முதலில் கண்ட வீட்டுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வீடு பார்க்கப் பகலில் ஒரு முறையும், இரவு ஏழு மணிக்கு மனைவியோடு பிரதான வீதியிலிருந்து ஒழுங்கை வழியாக நடந்து ஒரு முறையும் போங்கள். வெளிச்சம், நாய்கள், இரு புறமும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வளவுகள் ஆகியவற்றை வரைபடம் காட்டாது. உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருப்பதால், சில ஒழுங்கைகளில் பத்து வீட்டுக்கு இரண்டில்தான் விளக்கு எரியும்.

அடுத்தது மழை. இங்கே பெரும்பாலான மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில்தான் பெய்கிறது. சித்திரையில் பார்த்த வீடு எதுவும் நல்ல வீடாகவே தெரியும். வீதிகளுக்குக் காப்பெற் (தார்ப்படை) இட்டு உயர்த்திய பிறகு, பழைய வீடுகள் பலவற்றின் முற்றம் வீதியை விடத் தாழ்ந்துவிட்டது. வீதியின் வெள்ளம் படலை வழியாக உள்ளே வரும். படலையில் நின்று முற்றம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். நாவாந்துறை, கொட்டடி, அரியாலையின் கடலேரிப் பக்கம் போன்ற தாழ்ந்த இடங்களில் இதை இரண்டு முறை பாருங்கள்.

கடைசியாகக் கிணறு. மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அங்கிருந்து கிணற்றுக்கு அடி வைத்து அளந்து பாருங்கள். உங்கள் வளவுக் குழியை மட்டுமன்றி, வேலிக்கு அப்பால் அயலவரின் குழியையும் அளக்கவேண்டும். பொதுவாக 50 அடி என்று சொல்வார்கள். நம்முடைய சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் அதைவிடக் கூடுதலாக இருப்பதே பாதுகாப்பு.

கேள்வி (பேராதனை): நாங்கள் இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் விரிவுரையாளர்களாகச் சேரவிருக்கிறோம். நல்லூரில் வீடு எடுக்கலாமா?

பதில்: அந்தப் பீடம் யாழ்ப்பாணத்தில் இல்லை, கிளிநொச்சியில் அறிவியல் நகரில் இருக்கிறது. முற்பணம் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

கேள்வி (கொழும்பு): எல்லோரும் நல்லூரையே சொல்கிறார்கள். அது அவ்வளவு நல்ல இடமா?

பதில்: நல்ல இடம்தான், மேட்டு நிலம், பாடசாலைகளும் நகரமும் அருகில். ஆனால் இரண்டு விடயங்களை அறிந்துகொண்டு போங்கள். கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள் நடக்கும். அந்நாட்களில் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும், உங்கள் வீட்டுக்கே அனுமதி காட்டித்தான் போகவேண்டும். மற்றது, கோயிலை அண்டிய வீட்டுக்காரர் பலர் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அதை மறைத்துக் குடிபோகாதீர்கள். மீன் குழம்பின் வாசனை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (இணுவில்): ஐயா, மட்டக்களப்புத் தம்பிக்கு நீங்கள் எழுதிய பதிலில் கிணறு பற்றிச் சொன்னது வருபவர்களைப் பயமுறுத்துவதாக இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண் கிணற்று நீரைப் போன்ற சுவை எங்கும் இல்லை. என் பாட்டனார் தொண்ணூறு வயது வரை அதையே குடித்தார்.

பதில்: சுவையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இணுவில் கிணற்று நீர் சுவையானது. நானும் அளவை வேலைக்கு வந்த இடத்திலெல்லாம் வாளியோடு குடித்தவன். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்புக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதுதான் சிக்கல்.

உங்கள் பாட்டனார் காலத்தில் தோட்டத்துக்கு மாட்டெருவும் குழையும் இட்டார்கள், துலாவால் இறைத்தார்கள். இன்று அதே செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இரசாயன உரமிட்டு, மோட்டாரால் இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். மிஞ்சிய உரம் நீரோடு கீழிறங்கிச் சுண்ணக்கல்லுக்குள் போகிறது. குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். நாம் எல்லோரும் குடிப்பது கடல்நீரின் மேல் மிதக்கும் மழைநீரைத்தான். மேலே கொட்டுவது எதுவும் அதற்குள்தான் போகும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும் அது உயர் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கமுடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கேள்வி கேட்பவர்கள் புதிதாகத் திருமணமானவர்கள் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கேள்வி (கோண்டாவில்): இணுவில் ஐயா சொல்வது சரி. கொதிக்கவைத்துக் குடித்தால் போயிற்று.

பதில்: போகாது. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். நைத்திரேற்று அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். மெழுகுதிரி போன்ற வடிகட்டியும் அதைத் தடுக்காது. எதிர்ச்சவ்வூடு பரவல் (RO) முறையில் இயங்கும் இயந்திரம் குறைக்கும். 2024ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்குக் குழாய்நீர் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிணற்றைக் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (வவுனியா): நல்லூரா, திருநெல்வேலியா?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருகோணமலை): மனைவிக்குப் பருத்தித்துறையில் மருத்துவமனை வேலை, எனக்கு யாழ் நகரில். நடுவில் எங்காவது இருக்கலாமா?

பதில்: நடுவில் இருப்பது வல்லை வெளி, அங்கே காற்றும் உவர்நிலமும்தான் குடியிருக்கின்றன. இரவுப் பணி உங்கள் மனைவிக்கு என்றால், நெல்லியடியில் வீடு எடுத்து நீங்கள் பேருந்தில் போய்வாருங்கள். நள்ளிரவில் அவர் அந்த வெளியைக் கடக்கும்படி வைக்காதீர்கள்.

கேள்வி (நீர்கொழும்பு): வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்க்கவேண்டும்? வாடகை எவ்வளவு போகிறது?

பதில்: முதலாவதைச் சாத்திரியாரிடமும் இரண்டாவதைத் தரகரிடமும் கேளுங்கள்.

கேள்வி (கண்டி): வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். அவருடைய சகோதரி இரண்டு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார். எழுத்தில் எதுவும் வேண்டாம், எல்லாம் நம்பிக்கைதான் என்கிறார்.

பதில்: சகோதரியிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகச் செயற்பட அவர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா? அது பதிவு செய்யப்பட்டதா? இல்லையென்றால் அவர் உங்களைப் போலவே அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். எழுத்துக்கு மறுப்பவருக்கு இரண்டு வருடப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முற்பணத்துக்கு முன் கிணற்றையும் பாருங்கள்.

கேள்வி (ஹற்றன்): வாடகைக்கு இருப்பதைவிடக் காணி வாங்கலாம் என்று நினைக்கிறோம். தேசவழமை எங்களைப் போன்ற மலையகத்தவருக்குப் பொருந்தாதுதானே?

பதில்: பாதி சரி. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். அதில் திருமணச் சொத்து, முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் பற்றிய பகுதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முன்கொள்வனவு உரிமை, அதாவது காணி விற்கப்படும்போது இணைப் பங்காளர் போன்றோருக்கு அதை முதலில் வாங்க இருக்கும் உரிமை, காணியோடு ஒட்டியது. வட மாகாணத்துக் காணியை யார் வாங்கினாலும் அது கூடவே வரும். நீங்கள் வாங்குவது பிரிக்கப்படாத பங்கு என்றால், இணைப் பங்காளருக்கு முறையாக அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். இல்லையேல் அவர் பின்னர் வழக்கு வைக்கலாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால், கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. பரப்புக் கணக்கில் ஏமாறாதீர்கள்: ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் உள்ள அளவை நம்பாமல் அளந்து பாருங்கள். எத்தனையோ பழைய உறுதிகளில் வேலி ஒன்றும் எழுத்து வேறொன்றுமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி (மன்னார்): குழந்தை இல்லை. பாடசாலையைப் பற்றி இப்போதே யோசிக்கவேண்டுமா?

பதில்: பாடசாலையைத் தெரிவுசெய்ய இன்னும் காலமிருக்கிறது; வாக்காளர் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். முதலாம் தரத்துக்கு வதிவிட அடிப்படையில் விண்ணப்பிக்கும்போது கடந்த ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பை (பட்டியலை) பார்ப்பார்கள். குடிவந்த உடனேயே கிராம அலுவலரிடம் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (குருநாகல்): நல்லூர் எப்படி?

பதில்: நல்லூர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேலே வாசியுங்கள்.

கேள்வி (இணுவில்): ஐயா, உங்களோடு வாதாடிய பிறகு எங்கள் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தேன். நைத்திரேற்று 50க்குக் கீழேதான் இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மகிழ்ச்சி, இத்தனை பேரில் உண்மையில் சோதித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நீரை எந்த மாதத்தில் எடுத்தீர்கள்? கோடையில் எடுத்திருந்தால், மழை உரத்தைக் கீழிறக்கிய பிறகு, மார்கழியில் இன்னொரு போத்தல் எடுத்துக் கொடுங்கள்.