சீறும் சாம்பல் குட்டிக்கு என்ன கோபம்?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் ரூமில் தாய் இல்லாமல் கிடந்த மூன்று பூனைக்குட்டிகளைத் தூக்கி வந்து நான்கு நாளாகிறது. தத்துக் கொடுக்கும்வரை வைத்துக்கொள்ள ஏற்பாடு. வயது ஐந்து, ஆறு வாரம் இருக்கும் என்றார் டாக்டர். இரண்டு குட்டிகள் மடியிலேயே கிடக்கின்றன. ஆனால் விளையாட்டில் கையைக் கடித்துக் குதறுகின்றன. சாம்பல் நிறக் குட்டியோ வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கை நீட்டினால் சீறி அறைகிறது. "இது காட்டுப்பூனை, எடுத்த இடத்திலேயே விட்டுடு" என்கிறார் மாமியார். என்மேல் ஏன் இத்தனை கோபம்?
- வாசகி, திருச்சி

பதில்: கோபமெல்லாம் இல்லை, பயம். அடுத்த தடவை சீறும்போது வாயைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள். முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும், காது இரண்டும் பக்கவாட்டில் மடங்கியிருக்கும், கண் முழுக்கக் கறுமணியாகத் தெரியும். ஓட இடமில்லாத குட்டி "கிட்டே வராதே" என்று கெஞ்சுவது அப்படித்தான்.

அத்தைக்கு ஒரு தகவல்: காட்டுப்பூனை என்பது வேறொரு இனம். உங்களிடம் இருப்பது தெருப்பூனையின் பிள்ளை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குக்கூட அப்பா வேறு வேறாக இருக்கலாம். அப்பனின் துணிச்சல் குட்டிக்கும் வரும் என்பதால் மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மனிதர்கள் ஆபத்தில்லை என்று குட்டியின் மனதில் சுலபமாகப் பதிவது இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை. மூன்று வாரத்திலேயே கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள், ஏழு வாரத்தில் பழக்கத் தொடங்கியவற்றைவிட நன்றாக ஒட்டிக்கொண்டதை 1980-களிலேயே அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் சாம்பல் குட்டிக்கு நேரம் குறைவு. மடியில் கிடக்கும் இரண்டும் எப்படியும் தேறிவிடும், உங்கள் பொழுதை இதற்குக் கொடுங்கள்.

இழுத்துப் பிடித்து மட்டும் கொஞ்ச வேண்டாம். முதன்முதலில் குட்டி வளர்த்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்ததைத் துடைப்பக்கட்டையால் தள்ளி, துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்தேன். ஏதோ புலியைப் பிடித்த நினைப்பு எனக்கு. அப்புறம் பத்து நாள், என் கொலுசுச் சத்தம் கேட்டாலே அது பீரோவுக்குப் பின்னால் ஓடியது.

இடத்தைச் சுருக்குங்கள். சின்ன அறை ஒன்று போதும். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வையுங்கள். ஒளிய இடம் வேண்டும், ஆனால் அது உங்கள் கண்ணுக்கு எட்டும் இடமாக இருக்க வேண்டும். சாப்பாடு ஒரு மூலையில், மணல் தட்டு எதிர் மூலையில். நீங்கள் தரையில், பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். போனை நோண்டுங்கள், வெங்காயம் உரியுங்கள் (தோல்கூட அதன் வாயில் படாமல், வெங்காயம் பூனைக்கு விஷம்). உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்து நீளக் கரண்டியில் நீட்டுங்கள். வேளைக்கு வேளை கரண்டியைக் குறைத்துப் பிடித்தால் கடைசியில் விரலில் வந்து நிற்கும். பார்வை சந்தித்தால் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். அப்படிச் செய்கிறவரிடம் பூனைகள் நெருங்கி வருவதை 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் சோதித்தே பார்த்திருக்கிறது. முதல் தொடுதல் கன்னத்தில் இருக்கட்டும். தலைக்கு மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். தினமும் சிறிது நேரம் மற்ற இரண்டையும் வேறு அறையில் விடுங்கள், ராத்திரி ஒன்றாகத் தூங்கட்டும்.

கடிக்கிற இரண்டின் விஷயத்தில் தப்பு உங்கள் பக்கம். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டியிருப்பீர்கள். ஒரு குச்சியில் கந்தல் துணி கட்டி ஆட்டுங்கள். கடித்தால் கையைப் பிடுங்கக் கூடாது, ஓடுவதெல்லாம் அதற்கு இரை. அசையாமல் இருந்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். குட்டிகள் தங்களுக்குள் சண்டை போடும்போது கவனியுங்கள்: ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்தும், ஆட்டம் நின்றுவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. அதனால்தான் எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்கக் கூடாது, பன்னிரண்டு வாரமானால் இன்னும் நல்லது. ஜோடியாகக் கேட்பவர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

பசும்பால் வேண்டாம், வயிறு கழியும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள், பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்று, சாப்பாட்டையும் ஒதுக்கினால் அன்றைக்கே டாக்டர். நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனையைக் கொன்றுவிடும். புழு மருந்து, முதல் தடுப்பூசி இரண்டுக்கும் இப்போதே தேதி கேட்டு வையுங்கள்.

எடுத்த இடத்தில் விடுவதைப் பற்றி: இனி அங்கே தாய் காத்திருக்கும் வாய்ப்பு குறைவு, விடாதீர்கள். ஆனால் அடுத்த முறை குட்டிகளைக் கண்டால் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். இரை தேடப் போன தாய் திரும்பி வரலாம்.

மெஷினுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கை இன்றே அடைத்துவிடுங்கள். அதுவரை, சுவிட்சைப் போடும் முன் டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள்.